வெர்னன் சொல்லாத பெயர்

காலையில் நடீன் ஒரு துண்டு டோஸ்ட்டோடு நிறுத்திக்கொண்டாள். அன்றைய சிகிச்சைக்கு வயிறு லேசாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எதிரே கணவர் வெர்னன் தட்டிலிருந்த முட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“இன்னியோட இந்த அழுகை தீந்துடுமில்ல?”

“அப்படி யாரும் சொல்லல, வெர்ன்.”

காட்டில் மரம் வெட்டும் கூப்பில், வெட்டிய மரம் புரண்டு மகன் டிராவிஸ் செத்து நான்கு ஆண்டுகள். பள்ளிப் பேருந்து ஓட்டிய நடீன் அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. எத்தனையோ மாத்திரைகள் தின்றும் தேறவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உரிமம் பெற்ற இடங்களில், பக்கத்தில் ஆள் இருக்க, போதைக் காளான் கொடுத்து மனத்துயருக்கு உதவுகிறார்கள். கடைசியாக அப்படி ஓர் இடத்தில் பெயர் பதிந்திருந்தாள்.

அங்கே அவள் பக்கத்தில் இருக்கப்போகும் துணையாளர் மரிசா முன்பே இரண்டு முறை வரவழைத்து, இதயக் கோளாறு, சாப்பிடும் மாத்திரைகள், குடும்பத்தில் மனநோய் என்று ஒன்றுவிடாமல் விசாரித்திருந்தாள். அன்று நடீன் வந்ததும் மறுபடி நினைவூட்டினாள்:

“பயம் வரலாம், வாந்தி வரலாம். நான் பக்கத்துலயே இருப்பேன். நீங்க சம்மதிச்சாத்தான் கையப் பிடிப்பேன். ஆனா இது மந்திரம் இல்ல. அப்புறம் உக்காந்து பேசறதுதான் பாதி வேலை.”

காளான் தேநீரைக் குடித்து, கண்ணை மூடும் பட்டை கட்டி, ஆறு மணி நேரம் படுத்திருந்தாள். பெரும்பாலும் அழுதாள். மாலையில் வெர்னன் வண்டியோடு வந்தார்.

“சரியாயிடுச்சா?”

“அவனப் பாத்தேன் வெர்ன். குனிஞ்சு பூட்ஸ் மாட்டிட்டிருந்தான்.”

வெர்னன் ரேடியோவைப் போட்டார்.

மூன்றாம் நாளும் அழுகை ஓயவில்லை. “அங்க போயும் அழுதுட்டே இருந்தா என்ன பிரயோசனம்?” என்று வெர்னன் கத்தினார்.

“நாலு வருஷமா நீ அவன் பேரச் சொல்லல. என் பிள்ளையப் பத்திப் பேச முன்னபின்ன தெரியாதவகிட்டப் போனேன். வீட்ல கேக்க ஆளில்லையே!”

வெர்னன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “காலேஜ் போறேன்னவன கூப்புக்கு இழுத்துட்டுப் போனது நான்தான். பேரச் சொன்னா உடைஞ்சுடுவேன், நடீன்.”

“உடைஞ்சுக்கோ. நான் மட்டும் முழுசாவா இருக்கேன்?”

மறுநாள் மரிசாவோடு பேசுகிற முறை. எப்போதும் வண்டியிலேயே காத்திருக்கும் வெர்னன் அன்று உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மரிசா பேச்சைத் தொடங்குமுன்பே, “டிராவிஸ்” என்றார். சொன்னதுமே அழுதுவிட்டார். நடீன் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். துயரம் குறைந்துவிடவில்லை, இருவரும் சேர்ந்து அழுதார்கள், அவ்வளவுதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெர்னன் மரிசாவிடம் சொன்னார்: “அந்த மருந்து அவ மனசத் தெறந்து விட்டுச்சு. உள்ள இருந்ததக் கேக்க வேண்டியவன் நான். துக்கப்படறவங்கள வைத்தியத்துக்கு அனுப்பிட்டா நம்ம கடமை முடிஞ்சுடாதுங்க. கூட உக்காந்து காது கொடுக்கணும்.”