குறைந்துகொண்டே வந்த டப்பா

செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் போய், மேல்தட்டில் கையை விட்டுத் துழாவினான் மகன். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். விமானத்திலிருந்து இறங்கி வந்தவன் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்ததோடு சரி.

"வந்ததும் வராததுமா அங்க என்னடா?" என்றாள் அத்தை. "பக்கத்து வீட்டுல டீ குடுத்திருக்காங்க, குடிக்கிறியா?"

"வேணாம் அத்தை."

நீல மூடி டப்பா கையில் தட்டுப்பட்டது. குலுக்கிப் பார்த்தான். அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

சிறுநீரகம் கெட்டுப்போய் அப்பா உப்பைக் குறைக்க வேண்டி வந்தபோது, அவன்தான் வேலை பார்க்கும் ஊரில் கடை கடையாக ஏறி இந்த மாற்று உப்பை வாங்கி அனுப்பினான். அப்பா இறந்த செய்தியைச் சொன்ன டாக்டர் நேற்று போனில் கேட்டார்: "உப்புக்குப் பதிலா வேற ஏதாவது சேத்துக்கிட்டாரா? சிலதுல பொட்டாசியம் நிறைய இருக்கும். கிட்னி சரியில்லாதவங்களுக்கு அது ஏறினா இதயமே நின்னுடும்."

டப்பாவைத் திருப்பினான். பின்பக்கம் பொடி எழுத்தில் அந்தப் பெயர்தான் முதலில் இருந்தது.

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"இத அப்பா தினமும் போட்டுக்கிட்டாராம்மா?"

அம்மா டப்பாவைப் பார்த்தாள்.

"போன்ல பாத்தேனே. குறைஞ்சுக்கிட்டே வந்துச்சே."

தினமும் வீடியோ காலில் டப்பாவைக் காட்டச் சொல்வான். பஸ் ஓட்டிக் காய்த்துப்போன கையால் அப்பா அதைத் தூக்கிப் பிடித்து, 'அட்டெண்டன்ஸ் குடுத்தாச்சு வாத்தியாரே' என்பார்.

"முதல் நாளே கசக்குதுன்னு வச்சுட்டார்டா," என்றாள் அம்மா. "நீ வருத்தப்படுவியாம். உன்கிட்ட காட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் எடுத்து அந்தச் செடித் தொட்டியில கொட்டிடுவார்."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

"எலுமிச்சம்பழம்தான். உப்புன்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டார்."

ஜன்னலோரத் தொட்டியில் செடி குச்சியாக நின்றது.

"அடப்பாவி," என்றாள் அத்தை. "நான் குடுத்த செடிடா அது. அது பட்டுப்போனதுக்கு என் கைராசியச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சானே உங்கப்பன்."

மண்ணின் மேல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. மகன் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தான். கசந்தது. துப்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்தான். பெரியம்மாவுக்கும் இதே வியாதி. சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும் குழுவில், இந்த உப்பைத்தான் வாங்கச் சொல்லி அவன் படம் போட்டிருந்தான். விரலால் எழுத வரவில்லை. வாயருகே வைத்துப் பேசினான். எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன:

"நான் சொன்ன நீல மூடி உப்ப, கிட்னி சரியில்லாதவங்க தொடாதீங்க. டாக்டரைக் கேக்காம எதையும் மாத்தாதீங்க. பெரியம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியாது. இத பாக்கறவங்க யாராவது அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க."