பூதக்கண்ணாடியும் புதுக் காலண்டரும்

தையல் கம்பெனியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். இருபத்தெட்டு வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறவள். சட்டையின் வெளிப்பக்கத்தை அவள் கண்டுகொள்வதே இல்லை. உட்பக்கம் வெளியே வரப் புரட்டித் தையல் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பாள். வெளியே எல்லாமே அழகுதான், புரட்டினால்தான் வண்டவாளம் தெரியும் என்பது அவள் கட்சி. குறை இருக்கிற இடத்தில் ஒட்டுவதற்கான சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்களை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வரிசையாக ஒட்டி வைத்திருப்பாள். பல நாள் அந்தக் கையோடுதான் வீட்டுக்கும் வருவாள். வீட்டுக்கு வந்துவிட்டால் மட்டும் கண் சும்மா இருக்குமா?

வருடத்தின் கடைசி நாள், கம்பெனி மத்தியானமே விட்டுவிட்டது. அதற்கு முன் மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்து, புது வருடம், குடும்பம், பண்பாடு என்று அரைமணி நேரம் முழங்கினார். பிறகு ஆளுக்கொரு காலண்டர் கொடுத்து அனுப்பினார்.

பண்பாடாம். சொந்த மனைவியின் பிறந்தநாளே மேனேஜருக்கு நினைவிருக்காது, ஆபீஸ் பெண்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். பூதக்கண்ணாடியைக் கேட்டால், ஒரு வீட்டில் யாருக்கு என்றைக்கு என்ன என்று ஒருத்தி மறக்காமல் வைத்திருக்கிறாளே, அதுதான் பண்பாடு, மற்றதெல்லாம் மேடைப்பேச்சு. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒவ்வொரு வருடக் கடைசியிலும் பழைய காலண்டரில் இருக்கும் குறிப்புகளைப் புதுக் காலண்டருக்கு மாற்றி எழுதுவது அவள்தான். பிறந்தநாள், கல்யாணநாள், செத்தவர்களின் நாள், கணவரின் சர்க்கரை டெஸ்ட், தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள். அதை எழுதி ஆணியில் மாட்டினால்தான் அவளுக்குப் புது வருடம் பிறக்கும்.

காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவள் வாசலோடு நின்றுவிட்டாள். ஆணியில் ஏற்கெனவே ஒரு புதுக் காலண்டர் தொங்கியது. கிட்டே போய்ப் பார்த்தால், எழுதியும் ஆகிவிட்டது. மருமகளின் உருண்டைக் கையெழுத்து.

"யாரு இதை மாட்டினது?"

கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இப்போது பேப்பரை மட்டும்தான் ஓட்டுகிறார். "உன் மருமகதான். காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே உக்காந்து எழுதிட்டா. உனக்கு ஒரு வேலை மிச்சம்."

"இன்னிக்கு காலண்டர். நாளைக்கு?"

"ஆரம்பிச்சிட்டியா? குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லைன்னு சும்மாவா சொன்னாங்க?"

"குற்றம் பாக்குறதுதாங்க எனக்குச் சம்பளமே."

அவர் மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். அவருக்கு என்ன தெரியும்? அக்டோபரிலிருந்தே அவளுக்கு மூக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. மகனும் மருமகளும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசுகிறார்கள். இவள் போனால் பேச்சு அறுந்துவிடுகிறது. மருமகள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் லேபுக்கு என்று சொல்லி மகனோடு வண்டியில் கிளம்பினாள், ஆனால் அவளுடைய அடையாள அட்டை கதவுக் கொக்கியிலேயே ஆடிக்கொண்டிருந்தது. அட்டை இல்லாமல் லேபுக்குள் விடுவார்களா? எல்லாவற்றுக்கும் மேல், அந்த விரிப்பு. பச்சைக்கோடு போட்ட கட்டில் விரிப்பு, கம்பெனியில் அவளே பார்த்துப் பொறுக்கி எடுத்து வந்தது. தலையணை உறை இரண்டும் அலமாரியில் இருக்கின்றன, விரிப்பைக் காணோம். மகனைக் கேட்டாள், மருமகளைக் கேட்டாள், ஆளுக்கொரு வேலையைச் சொல்லி நழுவிவிட்டார்கள்.

நெருப்பில்லாமல் புகையுமா? தனிக்குடித்தனம் போகப் போகிறார்கள். எங்கேயோ வீடு பார்த்தாகிவிட்டது, சாமான் ஒவ்வொன்றாக நகர்கிறது. முதலில் விரிப்பு, அப்புறம் பாத்திரம், கடைசியில் மகன். சின்னவன் வெளிநாட்டோடு போனவன், வருடத்துக்கு ஒருமுறை போனில் சிரிப்பதோடு சரி. இவனும் போய்விட்டால் இந்த வீட்டில் அவளும் பேப்பரும்தான். அதை நினைத்தால் அவளுக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிச் சாப்பாட்டு மேசையில் போட்டாள். பழையதைப் பக்கத்தில் விரித்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். எத்தனை குறை இருக்கிறதோ அத்தனை அம்பு. சாயங்காலம் மருமகள் வரும்போது காலண்டரே சிவப்பாக இருக்க வேண்டும்.

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். ஜனவரியில் ஒன்றும் சிக்கவில்லை. பிப்ரவரியிலும் இல்லை. ஏப்ரலில் தொட்டி கழுவும் நாள் தவறாமல் இருந்தது. ஜூனில் நாத்தனார் கல்யாணநாளுக்கு நேராக, இது எத்தனையாவது வருடம் என்று, போன வருடம் இவளே எழுத விட்டுப்போனதையும் மருமகள் சேர்த்து எழுதியிருந்தாள். ரத்தக் குப்பிக்கு லேபிள் ஒட்டுகிற கை அல்லவா? பூதக்கண்ணாடிக்கு எரிச்சல்தான் ஏறியது.

ஆகஸ்ட் வந்ததும் கை நின்றது. இங்கே மாட்டுவாள். கட்டாயம் மாட்டுவாள்.

பழைய காலண்டரில் ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதிக் கட்டத்தின் கீழ் மூலையில் பென்சிலால் வைத்த ஒரு புள்ளி உண்டு. எழுத்து ஒன்றும் கிடையாது. மூத்த மகனுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அழவே இல்லை. அதற்குப் பேர்கூட வைக்கவில்லை. அதைப் பற்றிப் பேசக்கூடாது, பேசினால் அடுத்தது தங்காது என்று அன்றைக்குப் பெரியவர்கள் சொன்னார்கள். அவள் பேசவில்லை. வீட்டில் உட்கார முடியாமல் அடுத்த வருடம் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். வருடாவருடம் அந்தப் புள்ளியை மட்டும் புதுக் காலண்டருக்கு மாற்றினாள். யாராவது கேட்டால் விரலால் அழித்துவிடலாம் என்றுதான் பென்சில். இருபத்தொன்பது வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

புதுக் காலண்டரில் ஆகஸ்ட் பத்தொன்பதைப் பார்த்தாள். புள்ளி இருந்தது. அதே கீழ் மூலையில், பென்சிலில்.

யார் சொன்னது இவளுக்கு? என்னையே வேவு பார்க்கிறாளா? மளமளவென்று அடுத்தடுத்த தாள்களைப் புரட்டினாள். அக்டோபர் பன்னிரண்டில் இன்னொரு புள்ளி. பழைய காலண்டரின் அக்டோபரைப் பார்த்தாள். பன்னிரண்டில் ஒன்றுமே இல்லை.

மாட்டினாள்! ஒரு அம்பைப் பிய்த்து அந்தப் புள்ளியின் மேலேயே அழுத்தி ஒட்டினாள். வீடு மாறும் நாளாக இருக்குமோ? பின்னே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள், தேதியை வெளிப்படையாகவா எழுதுவாள்?

நாலு மணிக்கு மருமகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை.

"இங்க வா. அக்டோபர் பன்னெண்டு என்ன?"

மருமகள் மேசையைப் பார்த்தாள். சிவப்பு அம்பைப் பார்த்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"அதுல நான் எதையும் விடலையே, அத்தை."

"விடல. கூட்டியிருக்க. பழசுல இல்லாதது புதுசுல எப்படி வந்துச்சு? ஆகஸ்ட் புள்ளியை உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நான் வந்து மூணு வருஷமா பாக்குறேன். எல்லாத்தையும் பேனால எழுதுவீங்க, அது ஒண்ணை மட்டும் பென்சில்ல வெப்பீங்க. வெச்சதும் எழுந்து போய் மூஞ்சி கழுவிட்டு வருவீங்க. மாமாகிட்ட ஒருநாள் கேட்டேன். அவரு பேப்பரை மடிச்சு வெச்சிட்டு வெளிய போயிட்டாரு. அப்பவே புரிஞ்சிடுச்சு."

கூடத்தில் பேப்பர் சரசரப்பது நின்றது.

"சரி. அப்ப இது?"

"அது என்னோடது, அத்தை."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்க மறுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். மருமகள் அம்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மூணு மாசம்கூட முழுசா ஆகல. உறுதியானதும் சொல்லலாம்னு இருந்தோம். அன்னிக்கு விடியக்காலையில போயிடுச்சு. லேபுக்குன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். விரிப்பு... அதைத் துவைக்க முடியல, அத்தை. அவரு தூக்கிப் போட்டுட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். மறுநாள் சாயங்காலம், அலமாரிகிட்ட நின்னுட்டிருந்தீங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, 'விரிப்பை எங்க, உங்கம்மா வீட்டுக்குக் குடுத்துட்டியா'ன்னு கேட்டீங்க."

கேட்டாள்தான். வார்த்தை மாறாமல் அப்படித்தான் கேட்டாள். அன்றைக்கு மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. ஒரு நூல் பிசிறு தப்பாத கண்ணுக்கு அந்த முகம் தெரியவில்லை.

"நீங்க எழுதும்போது நான் எப்படி என் புள்ளியை வெக்கிறது? நானே எழுதிட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்," என்றாள் மருமகள். "பிடிக்கலைன்னா அழிச்சிடுங்க."

"என் கண்ணு அவிஞ்சு போக," என்றாள் பூதக்கண்ணாடி.

அவமானத்தில் காது சுட்டது. அவசர அவசரமாக அம்பைப் பிய்த்தாள். தாள் வழவழப்பு, பசை பொல்லாதது. அம்போடு புள்ளியும் வந்துவிட்டது. பன்னிரண்டாம் தேதிக் கட்டம் வெள்ளையாக நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. மருமகளின் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. இத்தனை நாளில் அதை அவள் தொட்டதே இல்லை.

கணவர் கூடத்திலிருந்து எழுந்து வந்து மேசைப் பக்கம் நின்றார். இந்தத் தடவை அவர் வெளியே போகவில்லை.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவை எடுத்தாள். நீலப் பேனா, பிறந்தநாள் எழுதுகிற பேனா. "பன்னெண்டுதானே? தேதி சரிதானே?"

"சரிதான், அத்தை." பேனாவைப் பார்த்ததும் மருமகள் பதறினாள். "அதால வெச்சா அழியாதே. யாராவது கேட்டா?"

"கேக்கட்டும்."

அக்டோபர் பன்னிரண்டில் அழுத்தி ஒரு புள்ளி வைத்தாள். பிறகு ஆகஸ்டுக்குத் திருப்பி, பேனாவைக் கணவரிடம் நீட்டினாள்.