முகத்துல நல்ல களை

“கையை எடு” என்றாள் அண்ணி. “என்ன பண்றே நீ?”

வானத்துக்காரி கைக்குட்டையை நனைத்து, கூடத்தில் கிடத்தியிருந்த அம்மாவின் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரயிலடியிலிருந்து நேராக வந்தவள். பை இன்னும் தோளிலேயே தொங்கியது.

“என்ன அண்ணி இது, இப்படிச் சாயம் பூசி வச்சிருக்கீங்க?”

“யாரு பூசினா? நானா? வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா?”

வானத்துக்காரி கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது.

“சாயம் இல்லடி” என்றாள் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த சித்தி. “அக்காவுக்கு முகத்துல நல்ல களை. வந்தவங்க எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. கல்யாணத்தன்னிக்கு டப்பா பவுடரைக் கொட்டியும் அவளுக்கு இந்த நிறம் வரல.”

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

வானத்துக்காரி என்ற பேரை வைத்ததே அம்மாதான். மகள் பார்க்கிற வேலையைப் பக்கத்து வீடுகளில் வேறெப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. விண்வெளியில் நிற்கும் தொலைநோக்கி வெளிச்சத்தைப் பிடித்து அனுப்பும். அதை வைத்து, யாரும் போக முடியாத தூரத்துக் கிரகத்தில் என்ன காற்று இருக்கிறதென்று மகள் சொல்லுவாள். அம்மா வாயில் பெருமையாக இருந்த பேர், அண்ணி வாயில் விழுந்த அன்றே வசவாகிவிட்டது.

அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே உள்ளே வந்தான். “வண்டி சாயங்காலம்தான் வருமாம்.”

“டாக்டர் என்னண்ணா சொன்னார்?”

“வயசாச்சு, ஹார்ட்டுன்னார். எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டார். உட்காரக்கூட இல்ல.” மனைவி நின்ற பக்கம் திரும்பாமலே சொன்னான்: “நேத்தே கூட்டிட்டுப் போயிருந்தா நிதானமாப் பார்த்திருப்பார்.”

“கேட்டியா?” என்றாள் அண்ணி. “காலையிலேருந்து இதே பாட்டுதான். ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து கதவைத் திறந்தவர், முதல்ல பார்த்தது அம்மாவை இல்ல, என்னை. கொலைகாரியைப் பார்க்கற மாதிரி.” அவள் நாத்தனாருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். “நீயே சொல்லு. நேத்து உனக்குப் போன் பண்ணினேனா இல்லையா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேட்டேனா இல்லையா?”

வானத்துக்காரி அம்மாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகங்கள்கூட ரோஸ் நிறத்தில் இருந்தன.

“வாயைத் திறக்கறாளா பாரு.”

“அவ மேல ஏன் பாயறே?” என்றான் அண்ணன். “அம்மா வாந்தி எடுத்தப்ப பக்கத்துல இருந்தது நீ. அவ எங்கேயோ இருந்தா.”

“எங்கேயோ இருந்தவளைத்தான் இந்த வீட்ல எல்லாரும் கேட்டுட்டு நடக்கணும். அது மட்டும் நல்லா இருக்கு.”

வானத்துக்காரிக்கு அந்தப் போன் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது. மாநாட்டு அரங்கின் பின்கதவருகே நின்று பேசினாள். மேடையில் அவளை அழைக்கப்போகும் நேரம்.

“தலை சுத்துதுங்கறாங்க. வாந்தி வேற. வாசல்ல உட்கார வச்சா தெளிஞ்சுடறாங்க. ரூமுக்குள்ள போய்ப் படுத்தா மறுபடியும் ஆரம்பிச்சுடுது.”

“கிளிப் மாட்டிப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். தொண்ணூத்தெட்டு.”

“அப்புறம் என்ன அண்ணி? எனக்கே அவ்வளவுதான் இருக்கும். ஆஸ்பத்திரி எல்லாம் வேணாம். நல்லாத் தூங்கட்டும்.”

“எனக்கென்னமோ அவங்க முகமே சரியில்ல.”

“முகத்தைப் பார்த்தா சொல்றது? நம்பரைப் பாருங்க.”

கிளிப்பை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். விரலில் மாட்டினால் சிவப்பு வெளிச்சம் ரத்தத்தின் வழியே போய், பிராணவாயு எவ்வளவு இருக்கிறதென்று எண்ணில் காட்டும். முதல் தடவை மாட்டியபோது அம்மாவிடம், “நான் கிரகத்துக்குச் செய்யறதும் இதேதாம்மா” என்றாள். “அது தன்னோட சூரியனுக்குக் குறுக்கே வரும். அப்ப அதோட காத்து வழியா கொஞ்சம் வெளிச்சம் வடிஞ்சு வரும். எந்த நிறம் குறையுதுன்னு பார்த்தா என்ன காத்துன்னு தெரிஞ்சுடும்.”

“அப்ப நானும் ஒரு கிரகம்னு சொல்லு” என்றாள் அம்மா. “அடுப்படிக்கும் ரூமுக்கும் சுத்திட்டுத்தானே இருக்கேன்.”

நேற்றுப் போனை வைத்துவிட்டு மேடை ஏறியவள், ஒரு கிரகத்தில் இன்ன வாயுவைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று கொண்டாடிக்கொண்டிருந்த வேறொரு குழுவைக் கிழித்துத் தொங்கவிட்டாள். அதே இடத்தில் அதே நிறத்தை விழுங்குகிற இன்னொரு வாயு உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எப்படி முடிவு கட்டினீர்கள் என்று கேட்டாள். அந்தக் குழுவின் தலைவர் எழுந்து வெளியே போனார். அரங்கில் கைதட்டினார்கள்.

சன்னல் வெளிச்சம் அம்மாவின் கன்னத்தில் விழுந்தது. சாயம் இல்லை. களையும் இல்லை.

வகுப்பில் வருஷா வருஷம் அவளே சொல்கிற உதாரணம்தான். மூடிய அறையில் எதையாவது எரித்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு புகை வரும், வாசனையும் இருக்காது. பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். ரத்தம் அப்போதும் சிவப்பாகவே இருக்கும், இன்னும் அதிகச் சிவப்பாக. விரலில் மாட்டுகிற கிளிப் அதையும் பிராணவாயு என்றே எண்ணும். ஆள் செத்துக்கொண்டிருக்கும்போதும் தொண்ணூற்றெட்டு காட்டும். மாணவர்கள் சிரிப்பார்கள்.

அவள் நிமிர்ந்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

“சித்தி எங்கே?”

“குளிர் தாங்கலைன்னாங்க. அத்தை ரூம்ல ஹீட்டரைப் போட்டுப் படுக்க வச்சேன். ஏன், அதுக்கும் உன்கிட்ட நம்பர் கேட்கணுமா?”

வானத்துக்காரி எழுந்த வேகத்தில் அந்த நாற்காலி இடிபட்டுச் சாய்ந்தது. அறைக் கதவைத் தள்ளினாள். சின்ன கேஸ் ஹீட்டர், மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. சன்னல் இடுக்கெல்லாம் பழைய போர்வையைக் கிழித்து அடைத்திருந்தது. சித்தியைத் தோளைப் பிடித்துத் தூக்கி, இழுத்துக்கொண்டு வந்து கூடத்தில் விட்டாள்.

“கையை விடுடி, பிசாசே. இப்பத்தான் கண்ணை மூடினேன்.”

திரும்ப உள்ளே போய் ஹீட்டரை அணைத்து, சூடு சுடச் சுடத் தூக்கிக்கொண்டு பின்கட்டு வழியாகப் போய் வெளியே வீசினாள். தகரம் தரையில் மோதும் சத்தம் வாசல்வரை கேட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

“பைத்தியம் பிடிச்சுடுச்சா?” அண்ணி ஓடிவந்தாள். “புதுசு அது. உங்கம்மா குளிருது குளிருதுன்னு என் உயிரை எடுத்தாங்கன்னு நான் போய் அலைஞ்சு வாங்கிட்டு வந்தது. என்னைப் பிடிக்கலைன்னா என்னைத் தூக்கிப் போடு.”

“யாரும் இனிமே அதை ஏத்தக்கூடாது” என்றாள் வானத்துக்காரி. உள்ளங்கை வெந்திருந்தது. “கெட்டுப் போச்சு. புகை கக்குது.”

“நான் ஒரு புகையும் பார்க்கலையே” என்றான் அண்ணன்.

“தெரியாதுண்ணா. வாசனையும் வராது.”

“அதுக்கும் இப்ப இதுக்கும் என்ன சம்பந்தம்?”

சம்பந்தத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். இடுக்கில் துணி அடைத்தது யார் என்பான். காலையிலிருந்து அவன் தேடிக்கொண்டிருந்தது அந்த ஒரு பதிலைத்தான்.

“ஆஸ்பத்திரி வேணாம்னு சொன்னது நான்தான்” என்றாள். “அண்ணி கேட்டாங்க. முகமே சரியில்லன்னாங்க. நான்தான் தூங்கட்டும்னேன்.”

அண்ணன் அவளைப் பார்த்தான். காலையில் மனைவியைப் பார்த்ததாகச் சொன்னார்களே, அந்தப் பார்வை இதுவாகத்தான் இருந்திருக்கும்.

“இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?”

“ஆமா.”

“உன்னை நம்பித்தானே அம்மா இருந்தா. அந்தக் கிளிப்பைத் தலைமாட்டுலயே வச்சுட்டுத் தூங்குவா. இன்னிக்குக் காரியம் முடியறவரைக்கும் என் கண்ணுல படாதே.”

போன் அடித்தது. வண்டிக்காரன் வழி கேட்டான். அண்ணன் தெருவுக்குப் போனான்.

அண்ணி காலையிலிருந்து கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் அறைக்குள் போனாள். வானத்துக்காரியும் பின்னால் போய் நிலைப்படியில் நின்றாள்.

“வாசல்ல உட்கார்ந்தா தெளிஞ்சாங்க” என்றாள் அண்ணி, சன்னலைப் பார்த்தபடி. “உள்ளே வந்தா ஆரம்பிச்சுது. நான் சொன்னேன்ல?”

“சொன்னீங்க.”

“இந்தத் துணியெல்லாம் நான் அடைச்சது.”

வானத்துக்காரி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

“அந்தக் கிளிப் பொய் சொல்லுமா?”

“பொய் சொல்லாது. அதுக்கு ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.”

“உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

அண்ணி திரும்பினாள். அறைந்துவிடுவாள் போலிருந்தது. “அவர்கிட்ட என்னைப் பத்திச் சொல்லாம விட்டது எனக்குப் பிச்சை போடறதா? வாழ்நாள் பூரா உனக்குக் கடமைப்பட்டுக் கிடக்கணுமா?”

“எனக்கு நீங்க ஒண்ணும் படவேணாம்.”

“படமாட்டேன். இந்த வீட்டுப்படி இனிமே மிதிக்காதே.”

“சரி.”

அண்ணி சன்னலிடம் போனாள். நகத்தால் நெம்பி, இடுக்கிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவினாள். நன்றாகத்தான் அடைத்திருந்தாள், சிலது கிழிந்துதான் வந்தது. மேல் இடுக்கு எட்டவில்லை. கட்டில்மேல் ஏறப்போனவளை விலக்கிவிட்டு வானத்துக்காரி கையை நீட்டி அதை உருவினாள். வெந்த கை எரிந்தது. உருவியதை அண்ணி அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். சன்னல் இரண்டு கதவும் திறந்துகொண்டன.

வண்டி வரும்வரை இருவரும் கூடத்தில், அம்மாவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தார்கள். அறையிலிருந்து குளிர்காற்று வந்து அம்மாவின் மேலிருந்த போர்வை ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

“யாராவது போய் அந்தச் சன்னலைச் சாத்துங்களேன்” என்றாள் சித்தி. “எலும்பெல்லாம் விறைக்குது.”

இருவரும் எழுந்திருக்கவில்லை.