சைக்கிள் மணிப் பரீட்சை

மார்பளவு எடுத்த சிப்பாய் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னபோது சென்னிமலை இழுத்துப் பிடித்தான். விடச் சொன்ன பிறகும் விடவில்லை. அளவு நாடாவைப் பிடித்திருந்தவனே சிரித்துவிட்டான். அடுத்து நின்ற வீரபாகுவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சென்னிமலையை அளவிலேயே கழித்துவிடுவார்கள் என்று நம்பித்தான் அவன் ராசிபுரத்தில் பஸ் ஏறிச் சேலத்துக்கு வந்திருந்தான்.

வீரபாகுவின் தங்கை பெரியநாயகியைக் கட்டியவன் சென்னிமலை. உலகச் சண்டை வந்ததும் பட்டு நூல் வரத்து நின்று இருவர் தறியும் சும்மா கிடந்தன. ஆனால் சென்னிமலை பட்டாளத்துக்குக் கிளம்பியதற்கு அது மட்டும் காரணமில்லை. எங்கே பஸ் நின்று டிரைவர் என்ஜின் மூடியைத் திறந்தாலும் பக்கத்தில் போய் நிற்கிற ஆள் அவன். பட்டாளத்தில் லாரி ரிப்பேர் கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. பெரியநாயகிக்கோ, போன சண்டையில் கடல் தாண்டிப் பாஸ்ராவுக்குப் போய்த் திரும்பாத சித்தப்பாவின் நினைப்பு. புருஷனிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவள், அண்ணனைத் தனியே கூப்பிட்டாள்.

“நீங்களும் சேர்றாப்பல கூடப் போங்கண்ணா. எப்படியாச்சும் அவுங்கள ஊட்டுக்குக் கூட்டியாந்துருங்க.”

வீரபாகு சரியென்று தலையாட்டியிருந்தான்.

உடம்புப் பரிசோதனையில் தேறியவர்களைக் கீற்றுக் கொட்டகைக்குள் உட்காரவைத்தார்கள். எழுத்து தெரியாதவர்களுக்கும் பொதுவான பரீட்சை. தகரத் தட்டில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சைக்கிள் மணியைக் கழற்றிப் போட்டிருந்தது: சுருள், பல்சக்கரங்கள், திருகு, கிண்ணம். ஊதல் ஊதுவதற்குள் பூட்டி மணியை அடிக்க வேண்டும்; அடித்தவர்களைப் பட்டறைப் பயிற்சிக்கு எடுப்போம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார் ஹவில்தார்.

சென்னிமலை அவசர அவசரமாகத் தட்டில் கைவிட்டான். சின்னப் பல்சக்கரம் நழுவி உருண்டு, வீரபாகுவின் காலடிக்கு வந்து நின்றது. வீரபாகு யோசிக்கவேயில்லை. அதன்மேல் பாதத்தை வைத்துக்கொண்டான்.

சென்னிமலை மண்டியிட்டுத் தேடினான். கொட்டகையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மணிகள் ஒலிக்கத் தொடங்கின. தேடிக் கிடைக்காமல் எழுந்து உட்கார்ந்தவன் முறையிடவும் இல்லை, பக்கத்துத் தட்டில் கைவைக்கவும் இல்லை. மற்றதையெல்லாம் பொறுமையாகப் பூட்டி, அந்தச் சக்கரத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்துக்கொண்டு தரையையே பார்த்தான். அது எப்படியும் வந்துவிடும் என்பதுபோல. ஹவில்தார் ஊதலைக் கையில் எடுத்துக்கொண்டார். வீரபாகுவின் உள்ளங்காலில் சக்கரத்தின் பற்கள் குத்தின. தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனால் எதிரே இருந்தது இந்த முகம்தான்.

காலை எடுத்தான்.

“இங்க கெடக்குது பாருங்க மாப்ள.”

மணி ஒலித்தது. ஊதல் ஊதிய பிறகும் சென்னிமலை அடித்துக்கொண்டிருந்ததால் ஹவில்தார் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வீரபாகுவின் தட்டில் எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது. அவனைக் கழித்துவிட்டார்கள். சென்னிமலை அடுத்த வாரம் துணிமணியோடு வர வேண்டும்.

ராசிபுரத்தில் வீட்டு வாசலில் நின்ற பெரியநாயகிக்குப் புருஷன் நடந்து வந்த தோரணையே சேதியைச் சொல்லிவிட்டது. அவள் அண்ணனைப் பார்த்தாள்.

“காலு வெச்சு மறைச்சுத்தான் பாத்தேன் அம்மிணி. அவரு மொகத்தப் பாத்தப்பறம் முடியல” என்றான் வீரபாகு.

சென்னிமலை திரும்பி மைத்துனனை வெறித்துப் பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துகொண்டான். வீரபாகுவும் சேர்ந்துகொண்டான். பெரியநாயகி இருவரையும் முறைத்துவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரங்கள் கொஞ்ச நேரம் பலமாகவே சத்தமிட்டன.

சோறு போடும்போதுதான் கேட்டாள்.

“சுடற எடத்துக்கு அனுப்புவாங்களா?”

“லாரி எங்க நிக்குதோ அங்க போவோணும்” என்றான் சென்னிமலை. அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு அவன் சொம்பையும் கரண்டிகளையும் தரையில் வரிசையாக அடுக்கி, என்ஜினுக்குள் எது எதைச் சுழற்றுகிறது என்று வீரபாகுவுக்கு விளக்க ஆரம்பித்தான். பொழுது இருட்டிக்கொண்டு வந்தது. பெரியநாயகி சற்றுத் தள்ளி, முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். பிறகு எட்டி, சிம்னி விளக்கை அந்தக் கரண்டிகளின் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.