வேலை நேரம்: பூஜ்யம்

இனேஸ் போர்ச்சுகலிலிருந்து கந்தர்வக்கோட்டைப் பக்கம் வந்து இறங்கியது மண் சுமக்க. பத்தொன்பது வயது. மேற்படிப்பில் சேருவதற்கு முன்னால் ஆறு மாதம் எங்கேயாவது போய் உடம்பு வணங்கி உழைத்துவிட்டு வர வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு தொண்டு நிறுவனத்துக்கு எழுதிப் போட்டாள். அவர்கள் இந்த ஊர் அங்கன்வாடிக் கட்டடத்துக்கு அவளை அனுப்பினார்கள். தடித்த கையுறை இரண்டு ஜோடியும், விரல் நசுங்காத பூட்ஸும் வாங்கிக்கொண்டு வந்தாள். வந்து மூன்று வாரம் முடிந்தும் கையுறை இன்னும் கவரைவிட்டு வெளியே வரவில்லை.

பழி அவள்மேல் இல்லை. காலை எட்டு மணிக்கெல்லாம் வேலை நடக்கும் இடத்தில் வந்து நிற்பாள். நின்ற மறுநிமிடம் புளியமரத்து நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி விழும். ஒன்பதுக்கு இளநீர். பத்தரைக்கு எல்லாருக்கும் டீ வரும்போது அவளுக்கு மட்டும் ஹார்லிக்ஸ், கூடவே தட்டில் பிஸ்கட். ஒரு மணிக்குக் கட்டடக் கமிட்டித் தலைவர் வெள்ளைச்சாமி வீட்டில் தலைவாழை இலை, மேலே ஓடும் மின்விசிறி, கைகட்டி நின்று பரிமாறுவதைப் பார்க்கும் வெள்ளைச்சாமி. மூன்று மணிக்கு அவித்த கடலை. உழைத்து இளைக்க வந்தவள் மூன்று கிலோ கூடியிருந்தாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் செங்கல் ஒன்றைத் தூக்கினாள். நாலு பேர் ஓடி வந்தார்கள். இன்னொரு நாள் மண்வெட்டியைப் பிடித்தாள். குழந்தை கையிலிருந்து அரிவாள்மணையை வாங்குவதுபோல மேஸ்திரி திருப்பதி அதை மெல்ல வாங்கி வைத்துவிட்டார். நம் ஆட்களுக்கு விருந்தாளி என்று ஒருவர் கிடைத்துவிட்டால் போதும், அவரை நிம்மதியாக இருக்க விடமாட்டார்கள். பெண் என்பதால் தடுக்கிறார்களோ என்று இனேஸ் முதலில் நினைத்தாள். ஆனால் அங்கே கல்லும் மண்ணும் சுமப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான். அழகி என்ற சித்தாள் தலையில் பத்துச் செங்கல்லை வைத்துக்கொண்டு போனில் பேசியபடியே சாரத்தில் ஏறுவாள். அதைப் பார்க்கப் பார்க்க இனேஸுக்கு வயிற்றெரிச்சல்.

வியாழக்கிழமை சாயங்காலம் நிறுவனத்திலிருந்து சார்லஸ் பைக்கில் வந்தார். தொண்டர்களைக் கவனித்துக்கொள்வது அவர் பொறுப்பு. அவள் தினமும் பார்த்த வேலையும் நேரமும் எழுதிக் கமிட்டித் தலைவர் கையெழுத்துப் போடும் படிவம் ஒன்று உண்டு. அதைப் புரட்டிய சார்லஸுக்கு முகம் மாறியது. முத்து முத்தான கையெழுத்தில் ஒவ்வொரு நாளுக்கும் வெள்ளைச்சாமி எழுதியிருந்தார்: ‘வேலை: ஒன்றும் கொடுக்கவில்லை. நேரம்: பூஜ்யம்.’

“என்னங்கய்யா இது?” என்றார் சார்லஸ்.

“நல்லாப் பாருங்க தம்பி,” என்றார் வெள்ளைச்சாமி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “ஒரு நாள், ஒரு பொழுது, ஒரு செங்கல்லத் தொட விட்டிருப்பமா?”

வந்த பிள்ளையை ஊர் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறதா என்று சோதிக்கத்தான் அந்தப் படிவம் என்று மனிதர் நினைத்திருக்கிறார். நல்ல மார்க் வாங்கிய பையன் மாதிரி நின்றார். சார்லஸ் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஐயா, வேல பாக்கத்தான அந்தப் புள்ள வந்திருக்கு? நாளையோட இந்த மாசக் கணக்க முடிக்கணும். ஒரு நாளாச்சும் முழு வேல பாத்ததா எழுதியிருக்கணும். இல்லன்னா நாளைக்குச் சாயங்காலமே புதுக்கோட்டை ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அங்க கம்ப்யூட்டர்ல போட்டோ அடுக்குற வேல இருக்கு.”

“கூட்டிட்டுப் போங்க. நெழல்ல இருக்கட்டும்,” என்றார் வெள்ளைச்சாமி. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. “நான் கல்ஃப்ல பதினோரு வருசம் கம்பி கட்டுனவன் தம்பி. அந்த வெயில்ல ஒக்காருன்னு ஒருத்தன் சொன்னதில்ல. வெளிநாட்டுலேருந்து எங்க ஊருக்கு வந்த புள்ளைக்கு அந்தக் கதி வர விடமாட்டேன்.”

சார்லஸ் இதையெல்லாம் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். இனேஸுக்குக் கோபப்படவும் முடியவில்லை. போட்டோ அடுக்க அவள் ஊரிலேயே ஆயிரம் கம்ப்யூட்டர் இருக்கிறது. “எனக்கு இங்கே வேலை வேண்டும், ஐயா,” என்று கைப்பேசியில் கற்றுக்கொண்ட புத்தகத் தமிழில் கேட்டாள். “சாப்பிட்டீங்களாம்மா?” என்று பதில் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கூரைக்குக் கான்கிரீட் தளம் போடும் நாள். பூசை முடிந்து, தேங்காய் உடைத்து, கலவை மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது. மிஷினடியிலிருந்து சாரம் வழியாக மேல் தளம் வரைக்கும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கலவைச் சட்டி கைக்குக் கை மாறி மேலே போகும். நடுவில் ஓர் ஆள் குறைந்தாலும் சங்கிலி அறுந்த மாதிரிதான். அன்று பார்த்து மூன்று சித்தாள்கள் ஆலங்குடியில் ஒரு காதுகுத்துக்கு வேன் ஏறிப் போய்விட்டார்கள். நெருக்கி நெருக்கி நின்று இரண்டு இடத்தைச் சரிக்கட்டினார்கள். சாரத்தின் இரண்டாம் தட்டில் மட்டும் ஓர் இடம் காலியாகவே நின்றது.

“தண்ணி விட்டாச்சு! போட ஆரம்பிச்சா பாதியில நிறுத்த முடியாது! யாராச்சும் ஏறுங்க!” என்று திருப்பதி மேலிருந்து கத்தினார்.

வெள்ளைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறினார். கல்ஃபில் வாங்கி வந்த முதுகுவலி இருப்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோய்விட்டது. முதல் சட்டியை வாங்கிக் கொடுத்தார். இரண்டாவதையும் கொடுத்தார். மூன்றாவது சட்டியோடு குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். இரண்டு பேர் பிடித்து அவரை இறக்க வேண்டியிருந்தது.

இறக்கிப் புளியமரத்தடி நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது. இனேஸ் கையுறையை மாட்டிக்கொண்டு சாரத்தில் ஏறிவிட்டிருந்தாள்.

“அய்யய்யோ, புடிங்க, எறக்குங்க!” என்றார் வெள்ளைச்சாமி. பிடிக்க யாருக்கும் கை காலியில்லை. கீழ்த்தட்டிலிருந்து அழகி ஒரு கணம்தான் யோசித்தாள். “கையுறையக் கழட்டு. ஈரச் சட்டி வழுக்கிரும்,” என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டுச் சட்டியை நீட்டினாள்.

மூன்று வாரம் உட்கார்ந்து தின்ற உடம்பு. பத்தாவது சட்டியில் தோள் எரிந்தது. ஐம்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டாள். கீழிருந்து வாங்கு, திரும்பு, மேலே கொடு. காலிச் சட்டி பக்கவாட்டில் பறந்து கீழே போய் விழும். பதினோரு மணி வாக்கில் ஒரு சட்டி கை நழுவியது. கலவை முழுக்க, மேலிருந்து இறங்கி வந்து கீழே நின்றிருந்த திருப்பதியின் தோளிலும் முதுகிலும் கொட்டியது.

“ஏ புள்ள! கண்ணு எங்கிட்டு இருக்கு? வேடிக்க பாக்கவா ஏறுன? சட்டியப் பாத்துப் புடி!”

சொன்ன பிறகுதான் யாரைத் திட்டினோம் என்பது அவருக்கு உறைத்தது. சட்டிகள் இருந்த கையிலேயே நின்றன. இனேஸ் அவரைப் பார்த்தாள். முகமெல்லாம் சிமெண்டுப் பால், அதற்கு நடுவில் பல் தெரியச் சிரித்தாள்.

“பார்த்துப் பிடிக்கிறேன், மேஸ்திரி!”

வரிசை குலுங்கிச் சிரித்தது. அதற்கப்புறம் அவளைத் திட்டாத ஆள் இல்லை. நேரமானால் திட்டு, அவசரப்பட்டால் திட்டு, தண்ணீர் குடிக்க நின்றால் திட்டு. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூன்றரை மணிக்குக் கடைசிச் சட்டி மேலே போனது. தளம் போட்ட அன்றைக்குக் கறிச்சோறு போடுவது வழக்கம். கழுவியும் கழுவாமலும் எல்லாரும் மரத்தடியில் வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்தார்கள். இனேஸும் அழகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல் மடங்கவில்லை; பாதிச் சோறு மடியில் விழுந்தது. இடுப்பில் கை ஊன்றியபடி வெள்ளைச்சாமி வந்தார்.

“இங்க ஏம்மா ஒக்காந்திருக்கீங்க? வீட்டுல ஃபேனப் போட்டு எலை போட்டாச்சு, வாங்க.”

“எங்க வரிசை ஆளு,” என்றாள் அழகி, தலை நிமிராமல். “எங்களோடதான் சாப்புடும்.”

அந்த நேரம் பார்த்து சார்லஸின் பைக் வந்து நின்றது. படிவம் வெள்ளைச்சாமி கைக்குப் போனது. அவர் பேனாவைத் திறந்தார், மூடினார்.

“எப்புடித் தம்பி எழுதுவேன்? வந்த விருந்தாளிய ஏழு மணி நேரம் வேல வாங்குனேன்னு என் கையாலயே எழுதிக் கையெழுத்துப் போடவா? ஊரு சிரிக்காது?”

இனேஸ் பாதி இலையோடு நிறுத்திவிட்டாள். அவர் பேசியது முழுக்கப் புரியவில்லை. பேனா மூடியிருந்தது புரிந்தது.

“எழுதலன்னா இந்தப் புள்ள போயிரும். போகட்டும்ங்கிறீங்களா?” என்றாள் அழகி. “மூணு வாரமா ஒத்தையா ஒரு எலையில ஒக்கார வச்சுப் போட்டீங்க. ஒரு மொகத்தப் பாக்காம தின்னா அது என்னங்க சோறு? கல்ஃப்ல ஒங்களுக்குச் சோறு போடாமயா இருந்தாங்க?”

வெள்ளைச்சாமி பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

“போட்டாங்க,” என்றார் பிறகு. “வேளாவேளைக்குப் போட்டாங்க. பொட்டலத்துல. அங்கிட்டுப் போயித் தின்னுங்கன்னு. பதினோரு வருசத்துல அந்த ஊர்க்காரன் ஒருத்தன் எங்கூட ஒக்காந்து சாப்புட்டதில்ல.”

சொல்லிவிட்டு இனேஸைப் பார்த்தார். பிறகு படிவத்தைச் சார்லஸிடமே கொடுத்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு, முனகி முனகி, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“எனக்கும் இங்கயே ஒரு எலை போடுங்கப்பா. சார்லஸ் தம்பிக்கும் போடுங்க.”

மூன்று வாரத்தில் அவர் சாப்பிட்டு இனேஸ் பார்த்ததே இல்லை. வேகமாகத்தான் சாப்பிடுகிறார்; எலும்பைக் கடிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். அவளும் ஒரு கண்ணை மூடிக் கடித்துக் காட்டினாள். அவர் புரையேறச் சிரித்தார்.

கை கழுவித் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினார். ‘வேலை: தளம் போட்டது. நேரம்: ஏழு மணி’ என்று எழுதி, கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு அவள் பக்கம் திரும்பி விரலை நீட்டினார்.

“நாளைக்கு ஏழு மணிக்கெல்லாம் வந்துரணும் ஆத்தா. தளம் வெடிக்காம இருக்கத் தண்ணி கட்டணும். லேட்டா வந்தா எனக்குக் கெட்ட கோவம் வரும், பாத்துக்க.”

அவர் அவளை அதட்டியது அதுதான் முதல் தடவை. இனேஸ், கொப்புளம் போட்ட இரண்டு கையாலும் தன் இலையையும் அவர் இலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் தடுக்கவில்லை.