கோவிந்தம்மா போட்ட கையெழுத்து

அம்மாவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு ஜோதி ஈரக் கூந்தலைத் துவட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயதுக்கு இவ்வளவு முடியா என்று தண்ணீர் ஊற்றிய பெண்களே வியந்தார்கள். காலையில் ஒரகடத்துக் கம்பெனிக் கேன்டீன் வேலைக்குக் கிளம்பி, வேனுக்காக நின்ற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரியிடம் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள் கோவிந்தம்மா. திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

வாசலில் பந்தல் போட்டவர் காசு வேண்டாம் என்றுவிட்டார். ஏழு வருடத்துக்கு முன் இதே வாசலில் நின்று அம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசியவர் அவர்தான்.

கடைத்தெருவில் அப்போது ஒரு சின்னக் கூட்டுறவு வங்கி இருந்தது. நகைக்கடன் பைகளில் பாதிக்கு மேல் கவரிங், தணிக்கைக்கு வருகிற ஆடிட்டர் ஒரு பையைக்கூடப் பிரிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார் என்று ரிசர்வ் வங்கிக்கு எழுதிப் போட்டாள் அம்மா, தன் பெயரும் கணக்கு எண்ணும் குறித்து. சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்து நான்கு நாள் ஒவ்வொரு பையாகப் பிரித்துப் பார்த்தார்கள். அடுத்த மாதமே வங்கிக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: யாரும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது.

எழுதியது கோவிந்தம்மா என்று எப்படியோ தெரிந்து ஊரே கொதித்தது. பால்காரர் இந்த வீட்டுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்தினார். ஜோதியின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணமும் அந்த வங்கியில்தான் மாட்டிக்கொண்டது. "எழுதுறதுக்கு முன்னாடி நம்மளுத எடுத்து வெச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தினாள் ஜோதி. அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இப்படிப் பூட்டுவார்கள் என்று பாவம் அவளுக்குத் தெரிந்திருக்காது என்று பிறகு ஜோதியே சமாதானம் செய்துகொண்டாள்.

ஒன்றேகால் வருடம் கழித்து அந்த வங்கியை வேறொரு பெரிய வங்கியோடு சேர்த்தார்கள். எல்லோருக்கும் பணம் முழுதாக வந்தது. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று அதிகாரிகள் சொன்னதாக ஊரில் பேச்சு. பால்காரர் மறுபடி வர ஆரம்பித்தார். ஏற்கெனவே பேசி முடித்திருந்த பிரசன்னா காத்திருந்து ஜோதியைக் கட்டிக்கொண்டான். மகளுக்கு இப்போது நான்கு வயது.

அம்மாவைப் பட்டுப்புடவை கட்டி, மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கூடத்தில் கிடத்தியபோது லீலா வந்தாள். பழைய வங்கியில் கவுன்ட்டரில் இருந்தவள். மாலையை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"ஜோதி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க கா."

"அந்த கவரிங் விஷயத்தக் கண்டுபுடிச்சது நான்மா. சொன்னா வேல போயிடும், ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினு இன்னா பண்றதுன்னு உங்கம்மாகிட்டதான் அழுதேன். 'உன் கையெழுத்து அவங்களுக்குத் தெரியும், நான் எழுதுறேன்'னு அவங்களே எழுதுனாங்க. நீ ரிட்டயர் ஆவுற வரைக்கும் வாயத் தொறக்காதேன்னு சத்தியம் வாங்கிகினாங்க. போன மாசம்தான் ஆனேன். இந்த ஞாயித்துக்கெழம வந்து ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்னு இருந்தேன்."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் லீலாவின் பக்கம் திரும்பினார்கள். ஜோதி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூட்டுவாங்கன்னு அம்மாக்குத் தெரியுமா கா?"

"நான்தான் சொன்னேனே. 'பொண்ணு கல்யாணம் கீதே, மொதல்ல உங்க டெபாசிட்ட எடுத்துடுங்க'ன்னு தலையா அடிச்சிகினேன். 'நம்மளுத எடுத்துகினு ஊரு பணத்துக்குப் பூட்டுப் போடச் சொன்னா, அந்த ஆடிட்டருக்கும் நமக்கும் இன்னா வித்தியாசம்'னுட்டாங்க."

ஜோதி திரும்பினாள். சுவரோரம் அப்பா ராமன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"உனுக்குத் தெரியுமாப்பா?"

"தபால்ல போட்டதே நான்தான்" என்றார் அவர். "ரிஜிஸ்தர் தபால். படப்பை வரைக்கும் சைக்கிள்ல போனேன். இங்க போட்டா தெரிஞ்சிடும்னு சொன்னா." அழுது சிவந்திருந்த கண்களில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

வாசலில் மேளம் ஆரம்பித்தது. பந்தல்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "வாய்க்கரிசி போட்றவங்க வாங்கம்மா, நேரமாவுது" என்றார். உறவுப் பெண்கள் வரிசையாக எழுந்தார்கள். லீலா செருப்பைத் தேடிக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டாள்.

ஜோதி போய் அவள் கையைப் பிடித்தாள்.

"எங்க போறீங்க? வாங்க."

"நான் இன்னா மொறம்மா உங்களுக்கு..."

ஜோதி பெரியம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் அவளைக் கொண்டுவந்து நிறுத்தினாள். லீலா போட்ட அரிசி சிதறி, சில மணிகள் கோவிந்தம்மாவின் மோவாயில் ஒட்டிக்கொண்டன. ஜோதி குனிந்து, அவற்றை விரல் நுனியால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளினாள்.