விசில் வராத குக்கர்

தோற்றுப்போனவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? செவ்வந்தி பட்டாள். வயிறு எரிய எரியப் பட்டாள்.

வெள்ளிக்கிழமை மாவட்ட கோ-கோ அணிக்கு ஆள் எடுத்தார்கள். பள்ளியிலிருந்து போனது அவளும் இசைப்பிரியாவும். இரண்டு பேர் பெயரையும் வாசிக்கவில்லை. அன்றிலிருந்து செவ்வந்திக்குச் சோறு இறங்கவில்லை. இசைப்பிரியாவோ ஞாயிறு காலையிலேயே மைதானத்தில் நின்று, "வாடி, ரெண்டு ரவுண்டு ஓடலாம்" என்கிறாள்!

அப்படி என்னதான் இருக்கிறது இவளிடம்? மதியம், சைக்கிள் பம்பு கேட்கும் சாக்கில் செவ்வந்தி அவளுடைய கம்பெனி குவார்ட்டர்ஸ் வீட்டுக்கே போய்விட்டாள்.

"வாம்மா," என்றார் இசைப்பிரியாவின் அப்பா கருணாகரன். "வெள்ளிக்கெழம இவ போட்ட ஒப்பாரியில எதிர் பிளாக்கே எழுந்து வந்துடுச்சு தெரியுமா?"

"அப்பா! சொல்லாதப்பா!"

"மூக்கு ஒழுவ ஒழுவ அஞ்சு தோசை தின்னா. அது தனிக்கதை."

இசைப்பிரியா அவர் முதுகில் குத்தினாள். அவர் 'ஐயோ' என்று விழுவதுபோல் நடித்தார். செவ்வந்திக்கு நெஞ்சு காந்தியது. அழுவதற்குக்கூட இவளுக்கு வாகான வீடு.

"ஒனக்கென்னடி. ஒங்கப்பா ஜெனரல் ஷிப்ட்டு, பகல் வேல மட்டும்தான்."

"அழுவுறதுக்கு எதுக்குடி ஷிப்ட்டு?"

பம்பைக்கூட வாங்காமல் செவ்வந்தி கிளம்பிவிட்டாள்.

மந்தாரக்குப்பத்தில் அவள் வீட்டில் மதியம்தான் நடுராத்திரி. அப்பா மதிவாணன் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. இந்த வாரம் முழுக்க நைட் ஷிப்ட். அவர் தூங்கும்போது டிவி ஊமையாக ஓடும். செவ்வந்தி கொலுசைக் கழற்றிவிடுவாள். குக்கர் விசிலடிக்கப் போகும் நேரம் பார்த்து அம்மா கனகம் அடுப்பை அணைத்துவிடுவாள். இரண்டு நாளாகச் செவ்வந்தி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டுதான் அழுதாள். அவள் போட்டிக்குப் போனதே அப்பாவுக்குத் தெரியாது.

பின்னாலேயே இசைப்பிரியா சைக்கிளில் வந்து வாசலில் நின்றாள், கையில் பம்போடு.

"ஏன்டி மூஞ்சத் தூக்கிகினு வந்துட்ட?"

"மெதுவா பேசு. அப்பா தூங்குறாரு."

"என்ன கோவம்னு சொல்லு, போயிடறேன்."

"ஒன்னப் பாத்தாலே எரியுதுடி!" கிசுகிசுப்பாகத் தொடங்கிய குரல் அவளை மீறி ஏறியது. "நீயும்தான தோத்த? எப்படிடி சிரிக்கிற? எனக்கு மட்டும் ஏன்டி செத்துடலாம்போல இருக்கு?"

"அடியே, வாய மூடு!" என்று அடுக்களையிலிருந்து கனகம் பதறி ஓடிவந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் அடக்க நீட்டிய கை அப்படியே நின்றது. உள்ளே அடுப்பை மறந்துபோனாள்.

குக்கர் வீடே அதிர விசிலடித்தது.

மூன்று பேரும் சிலையாக நின்றார்கள். மதிவாணன் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு, கண் சிவக்க வெளியே வந்தார். திட்டு விழப்போகிறது என்று செவ்வந்தி தோளைக் குறுக்கினாள்.

"எதுலம்மா தோத்த?"

"கோ-கோல."

"எப்ப?"

"வெள்ளிக்கெழம."

"ஏன் சொல்லல?"

"நீ தூங்கிகினு இருந்தியேப்பா."

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். கொட்டாவியை அடக்கிக்கொண்டு, கலங்கி நின்ற இசைப்பிரியாவைப் பார்த்தார்.

"ஒனக்கும் கெடைக்கலியா கண்ணு? வா, இப்படி ஒக்காரு."

செவ்வந்திக்குச் சுரீரென்றது. இசைப்பிரியாவை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அவ அவங்க வூட்லயே அழுதுட்டா. என்னக் கேளுப்பா!"

பிறகு தெருவே எட்டிப்பார்க்க, வாய்விட்டு அழுதாள்.